41 ஓட்டு: ஒரு தோல்வியை எப்படிப் படிப்பது

காமராஜரைப் பற்றிப் பேசுகிற எந்த மேடையிலும் ஒரு கதை தவறாமல் வரும். 1954ல் முதலமைச்சர் நாற்காலிக்கு நடந்த போட்டியில் சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்தார். தோற்கடித்த கையோடு அவரையே கூப்பிட்டு மந்திரியாக்கினார். "என்ன ஒரு பெருந்தன்மை பாருங்க!" கைதட்டல் விழும், பேச்சாளர் அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

கதை பொய்யில்லை. நடந்ததுதான். ஆனால் இது பாதிக்கதை. பாதிக்கதையை முழுக்கதையாகச் சொல்லிச் சொல்லி, இப்போது அதை மருந்துச்சீட்டாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் கொங்குப் பக்கத்தில் சில வருஷங்களாக எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அ.தி.மு.க. ஒற்றுமைதான் பேச்சு. ஒன்று சேருவார்களா, யார் யாரைச் சேர்ப்பார்கள், யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேச்சு ஓடும். கடைசியில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்துல காமராஜர் எதிர்த்து நின்னவரையே மந்திரி ஆக்கலீங்களா?" என்று முடிப்பார். தலைவர்களுக்குப் பெரிய மனசு இருந்தால் கட்சி உடையாது என்பது அதன் பொருள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 1954ல் நடந்ததை மனசின் கதையாகப் படிப்பதால்தான், அதற்கப்புறம் நடந்த இணைப்புகள் ஏன் நிலைக்கவில்லை என்பது நமக்குப் புரியாமல் போகிறது. அந்தப் போட்டியில் தோற்றவர் பொள்ளாச்சிக்காரர். செங்குட்டைப்பாளையத்தில் 1910ல் பிறந்தவர். அவர் பக்கத்தில் இருந்தும் ஒருதடவை இந்தக் கதையைப் படித்துப் பார்க்கலாம் என்பதற்காகவே இந்தக் குறிப்பு.

எண்ணிக்கை

முதலில் பின்னணி. 1946க்கும் 1954க்கும் நடுவே சென்னை மாகாணத்துக்கு நான்கு முதல்வர்கள்: பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா, ராஜாஜி. நாலு பேரும் காங்கிரஸ். வெளியில் இருந்து யாரும் இவர்களைக் கவிழ்க்கவில்லை. 1952 தேர்தலில் குமாரசாமி ராஜா தன் தொகுதியிலேயே தோற்றது தவிர, மற்ற மாற்றங்களில் கட்சிக்குள் இருந்த கோஷ்டிகளுக்குத்தான் பெரும்பங்கு. காமராஜரே இந்தச் சண்டைகளில் ஊறியவர். 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்கு ராஜாஜி கோஷ்டி நிறுத்திய கோயம்புத்தூர் சி.பி. சுப்பையாவை அவர் வென்றது 103க்கு 100 என்ற கணக்கில். மூணே ஓட்டு.

1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தனிப்பெரும்பான்மை இல்லை. ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார், சிறு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி நடத்தினார். 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. அதே வருஷம் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்துக்கு எதிராளிகள் 'குலக்கல்வி' என்று பேர் வைத்தார்கள், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 மார்ச்சில் ராஜாஜி விலகுவதாக அறிவித்தார்.

அடுத்து யார் என்று சட்டமன்றக் கட்சி கூடியபோது ராஜாஜி தரப்பின் ஆள் சி.எஸ். வயது 44. ராஜாஜி மந்திரிசபையில் நிதியமைச்சர். எதிரில் காமராஜர், வயது 50. அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை, மக்களவை உறுப்பினர். ஓட்டு எடுத்தார்கள். காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41.

மேடைக்கதையில் முதலில் தொலைந்து போவது இந்த எண்கள்தான். 134 பேரில் 41 என்றால் பத்துக்கு மூன்று பேர். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம், இரண்டுமே முக்கியம்.

ஒன்று, தோல்வி தெளிவானது. 103க்கு 100 மாதிரி இல்லை. நாளைக்கு நாலு பேரை இழுத்தால் மாற்றிவிடலாம் என்ற ஆசைக்கு இடம் கிடையாது. சி.எஸ். மறுபடியும் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாத தோல்வி.

இரண்டு, 41 சின்ன எண்ணும் இல்லை. தனிப்பெரும்பான்மை இல்லாமல் 1952ல் ஆட்சிக்கு வந்த கட்சிக்கு, ஆந்திரா போன பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருந்தாலும், 41 பேர் எதிர்வரிசைக்குப் போனால் தாங்குகிற வலு இல்லை. அதாவது காமராஜருக்கு அவர்கள் வேண்டும். அவர்களை விட்டுவிட்டு ஆள முடியாது.

இந்த இரண்டும் ஒரே ஓட்டெடுப்பில் தெரிந்துவிட்டது. யார் தலைவர் என்பதில் சந்தேகம் இல்லை. தோற்றவருக்கு எவ்வளவு கனம் என்பதிலும் சந்தேகம் இல்லை. பேரம் பேசுவதற்கு முன்னால் தராசு வந்துவிட்டது. பெருந்தன்மை அதற்கு அப்புறம் வந்தது.

எடுக்காத இலாகா

"மந்திரி பதவி கொடுத்தார்" என்று சொல்கிறோம். கவனமாகப் பார்த்தால், கொடுத்தார் என்பதைவிட எடுக்கவில்லை என்பதுதான் சரி. சி.எஸ். ஏற்கெனவே நிதி பார்த்துக்கொண்டிருந்தவர். 1954 ஏப்ரல் 13ல் பதவியேற்ற காமராஜர் மந்திரிசபையில் மொத்தம் எட்டே பேர். பலர் ராஜாஜி மந்திரிசபையில் இருந்தவர்களே. சி.எஸ். கையில் நிதியும் கல்வியும் இருந்தன. அவர் பக்கம் நின்ற எம். பக்தவத்சலமும் உள்ளே இருந்தார்.

ஒரு அரசாங்கத்தில் பணம் ஒருத்தர் கையிலும், அந்த அரசாங்கம் எதற்காகப் பேர் வாங்கப்போகிறதோ அந்தத் துறையும் அதே ஆள் கையிலும் இருந்தால், அவரை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. காமராஜர் ஆட்சி என்றால் இன்றைக்கு நமக்கு நினைவுக்கு வருவது என்ன? ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், மதிய உணவு, இலவசக் கல்வி. அந்த வேலைகள் நடந்தபோது கல்வி அமைச்சர் சி.எஸ்., பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. பேர் காமராஜருக்கு, கையெழுத்து சி.எஸ்.ஸுக்கு. 1962 வரை, எட்டு வருஷம், இது இப்படியே ஓடியது.

எங்கள் பக்கத்துக்கு வந்த பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமும் இந்தக் காலத்துச் சரக்குதான். ஆனைமலைத் தண்ணீரைக் கிழக்கே திருப்புகிற வேலைக்கு ஊர்க்காரர்களும் தலைவர்களும் பல பேர் அலைந்தார்கள். ஆனால் முதல்வரும் நிதியமைச்சரும் ஒருத்தரை ஒருத்தர் முடக்கிக்கொண்டிருந்தால் அது காகிதத்தைத் தாண்டியிருக்காது. 2025 ஆகஸ்ட்டில் பொள்ளாச்சியில் அந்தத் திட்டத்துக்காகச் சிலைகள் திறந்தார்கள். காமராஜருக்கும் சி.எஸ்.ஸுக்கும் ஒரே நாளில், வி.கே. பழனிச்சாமிக் கவுண்டரோடு சேர்த்து. 1954 மார்ச்சில் எதிரெதிரே நின்ற இரண்டு பேர் அவர்கள் என்பது அங்கே நின்று பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்தால் அந்தச் சிலைகளுக்கு இன்னும் அர்த்தம் கூடும்.

இரண்டாவது முடிவு

கதையில் விடுபட்டுப் போன இன்னொரு பாதி, தோற்றவர் என்ன செய்தார் என்பது. ஜெயித்தவர் அழைத்தார் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அழைத்ததும் வந்தார் என்பது பெரிய விஷயம் இல்லை. மந்திரி பதவிக்கு யாரும் வருவார்கள். வந்தவர் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

முதல் சோதனை ஒரே மாதத்தில் வந்தது. ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிடுவது என்று புது அரசு முடிவு செய்தது. 1954 மே மாதம் அதை அறிவித்தவர் கல்வி அமைச்சர் சி.எஸ்.தான். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையில் இருந்தவர், அதைக் கொண்டுவந்தவரின் வேட்பாளராக இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்றவர், தன் வாயாலேயே அதை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை விழுங்குவது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது சோதனை 1957ல். காமராஜர் தலைமை பிடிக்காத காங்கிரஸ்காரர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டி என்ற பேரில் தனியாகத் தேர்தலில் நின்றார்கள். ராஜாஜியின் ஆதரவு அவர்களுக்கு. 1959ல் ராஜாஜி சுதந்திராக் கட்சியையே தொடங்கிவிட்டார். சி.எஸ்.ஸுக்கு அரசியலில் கை கொடுத்தவர் ராஜாஜி. பழைய விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்றால் அதுதான் நேரம். சி.எஸ். போகவில்லை. பக்தவத்சலமும் போகவில்லை.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கட்சி ஒற்றுமை 1954 ஏப்ரலில் காமராஜர் பட்டியல் போட்டபோது உண்டாகவில்லை. 1957லும் 1959லும் தோற்ற தரப்பு, தன் குருவே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனபோது, பின்னால் போகாமல் இருந்தபோதுதான் உண்டானது. ஜெயித்தவர் செய்யக்கூடியது, தோற்றவர் தங்குவதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கி வைப்பது மட்டுமே. தங்குவது தோற்றவரின் முடிவு. நம் மேடைகளில் அந்த முடிவுக்குப் பேரே கிடையாது. விசுவாசம் என்றும் சொல்ல முடியாது, துரோகம் என்றும் சொல்ல முடியாது என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

1963ல் காமராஜர் தன் திட்டப்படி பதவியை விட்டபோது முதல்வரானவர் யார்? பக்தவத்சலம். 1954ல் எதிர்ப்பக்கம் நின்றவர். ஒன்பதரை வருஷத்தில் அந்தப் பிளவு தையல் தெரியாமல் மூடிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே மருந்து, வேறு நோயாளி

இவ்வளவு சொன்னபிறகு, இது காமராஜரின் குணத்தால் மட்டும் நடந்தது என்றால், அவர் கைபட்ட இடமெல்லாம் அது நடந்திருக்க வேண்டும் இல்லையா? நடக்கவில்லை.

காமராஜர் அகில இந்தியத் தலைவராக இருந்தபோது பிரதமர் தேர்வு மூன்று தடவை வந்தது. 1964ல் நேரு மறைந்ததும் ஓட்டுப்பெட்டி வேண்டாம் என்று ஒவ்வொருத்தரிடமும் கருத்துக் கேட்டு லால் பகதூர் சாஸ்திரியை முடிவு செய்தார். மொரார்ஜி தேசாய் ஒதுங்கிக்கொண்டார். 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்ததும் மொரார்ஜி ஒதுங்க மறுத்தார், ஓட்டு நடந்தது. இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜிக்கு 169. இதுவும் கிட்டத்தட்டப் பத்துக்கு மூன்று, 1954 கணக்கு மாதிரியேதான். ஆனால் அப்போது மொரார்ஜி மந்திரிசபைக்குள் வரவில்லை.

1967 தேர்தலில் காங்கிரஸ் வலுவிழந்தது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். மறுபடியும் மொரார்ஜி போட்டிக்குத் தயார். இந்தத் தடவை, கட்சி தாங்காது என்று, ஓட்டில்லாமல் சமரசம் பேசினார்கள். முன்னின்று பேசியவர்களில் காமராஜர் முக்கியமானவர். இந்திரா பிரதமர், மொரார்ஜி துணைப் பிரதமர், கையில் நிதி இலாகா. அதாவது 1954ல் சென்னையில் பலித்த அதே மருந்து: எதிராளிக்கு நிதி.

இரண்டு வருஷம்தான் தாங்கியது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி நிதி இலாகாவை மொரார்ஜியிடம் இருந்து எடுத்துக்கொண்டார், மூன்று நாளில் 14 வங்கிகள் தேசியமயம். அந்த வருஷம் முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டானது.

மருந்து ஒன்றுதான், ஏன் பலிக்கவில்லை? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. 1967ல் ஓட்டு எண்ணாததால் யாருக்கு எவ்வளவு கனம் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு பேருமே தாங்கள்தான் உண்மையில் பெரியவர்கள் என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. இன்னொன்று, கொடுத்த இலாகா கொடுத்தவர்களுடையது இல்லை. காமராஜர் சி.எஸ்.ஸிடம் நிதியை விட்டது தன் சொந்த முடிவு. இந்திரா மொரார்ஜிக்குக் கொடுத்தது மற்றவர்கள் பிடித்துத் தள்ளியதால். பிடி தளர்ந்ததும் பிடுங்கிக்கொண்டார்.

காமராஜர் மேல் எனக்குள்ள விமர்சனமும் இங்கேதான். 103க்கு 100லும் 93க்கு 41லும் எண்ணிக்கையால் மேலே வந்தவர், டெல்லிக்குப் போனதும் எண்ணிக்கையைத் தவிர்ப்பதே ஒற்றுமை என்று நம்பினார். தனக்குக் கைகொடுத்த ஏணி எது என்பதை அவரே மறந்த மாதிரி இருக்கிறது.

மூன்றாவது நிதி இலாகா

இப்போது நம்ம ஊர்ப் பேச்சுக்கு வருவோம்.

2017 பிப்ரவரி 18ல் சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிராக 11. அந்தப் பதினொன்று ஓ. பன்னீர்செல்வம் தரப்பு. உறுப்பினர்களைக் கூவத்தூரில் வைத்திருந்தது, அன்றைய சபையில் நடந்த அமளி எல்லாம் தெரிந்த கதை. அந்த எண்ணிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்க நியாயம் உண்டு. ஆனால் ஒரு எண்ணிக்கை இருந்தது.

ஆகஸ்ட் 21ல் இரண்டு அணியும் இணைந்தபோது அந்த எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டார்கள். பன்னீர்செல்வத்துக்குத் துணை முதல்வர் பதவி, நிதி இலாகா. ஆக, 1954, 1967க்கு அப்புறம் இது மூன்றாவது நிதி இலாகா. அதோடு நின்றிருந்தால் 1954 மாதிரி ஆகியிருக்கலாம். ஆனால் கட்சியிலும் பாதி: அவர் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர், சின்னத்துக்கான படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

41 பேர் வைத்திருந்த சி.எஸ். தலைமையில் பங்கு கேட்கவில்லை, வேலையில் பங்கு வாங்கினார். 11 பேர் வைத்திருந்தவருக்குத் தலைமையிலேயே பாதி கிடைத்தது. அந்தப் பாதி கட்சியில் அவருக்கு இருந்த பலத்தைக் காட்டவில்லை. அன்றைய நெருக்கடியை, வெளியில் இருந்து வந்த அழுத்தத்தை, முடங்கிக் கிடந்த இரட்டை இலைச் சின்னத்தைக் காட்டியது. அவற்றில் எதுவும் நிரந்தரம் இல்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோது தோப்பைப் பிரிப்பார்கள், வீட்டைக்கூடக் குறுக்கே சுவர் வைத்துப் பிரிப்பார்கள். கிணற்றைப் பிரிக்க மாட்டார்கள். கிணறு பொது; முறை வைத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி வைத்தால் மூன்று தலைமுறைக்கு ஓடும். எழுதாமல் "ரெண்டு பேரும் எடுத்துக்கலாம்" என்று விட்டால் முதல் கோடையிலேயே கைகலப்பு. 2017ல் செய்தது இரண்டாவது வகை. ஆட்சி இருந்தவரைக்கும் மழைக்காலம். 2021ல் ஆட்சி போனது. 2022 ஜூனில் ஒற்றைத் தலைமைக் கோஷம் எழுந்தது. ஜூலை 11 பொதுக்குழுவில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர், பன்னீர்செல்வம் கட்சியை விட்டு நீக்கம். அப்புறம் தராசு நீதிமன்றத்துக்குப் போனது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்றது. மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளர்.

'போட்டியின்றி' என்ற சொல்லை நாம் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அது குறையாகப் படுகிறது. போட்டி இல்லையென்றால் தோல்வி இல்லை. தோல்வி இல்லையென்றால் தோற்றவர் ஒப்புக்கொள்வதற்கும் எதுவும் இல்லை. நீக்கப்பட்டவர் தோற்றவர் ஆகமாட்டார். அவர் வெளியே நின்றுகொண்டு "தொண்டர்கள் என் பக்கம்" என்று காலம் முழுக்கச் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது.

இதே கட்சிக்கு 1989 நினைவிருக்க வேண்டும். எம்.ஜி.ஆர். மறைந்தபிறகு ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டானது. இரட்டை இலை முடங்கியது. ஒருத்தர் இரட்டைப் புறா, ஒருத்தர் சேவல். 1989 ஜனவரித் தேர்தலில் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. ஆனால் அதே தேர்தல் இவர்களுக்குள் இருந்த வழக்கையும் தீர்த்தது: சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. ஜானகி அம்மாள் ஆண்டிபட்டியில் தோற்றார். அடுத்த மாதமே கட்சி இணைந்தது, சின்னம் திரும்பியது. மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் ஜெயித்தார்கள். கட்சிக்குள் எண்ண மறுத்ததை மக்கள் எண்ணிக் கொடுத்தார்கள். அதற்கு விலை ஒரு ஆட்சி. ஜானகி ஒதுங்கிக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் தோற்றவரின் முடிவுதான் கட்சியை ஒட்டியது. ஆனால் அந்த ஒற்றுமை தோற்றவருக்கு வேலை எதுவும் தரவில்லை. 1954ஐ விட அது ஒரு படி கீழேதான்.

2025 செப்டம்பரில் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து கே.ஏ. செங்கோட்டையன், விலகியவர்களைச் சேர்க்க வேண்டும் என்று பத்து நாள் கெடு விதித்தார். மறுநாளே கட்சிப் பதவிகள் பறிபோயின, அக்டோபர் கடைசியில் கட்சியை விட்டே நீக்கம், நவம்பரில் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். ஒற்றுமை வேண்டும் என்று கேட்டவர் வெளியே போனதுதான் மிச்சம். இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கையில், எந்த இடத்தில், எந்த வேலைக்கு, யார் தலைமையை ஒப்புக்கொண்டு என்ற பேச்சு கடைசிவரை தெளிவாக வெளியே வரவில்லை. மனசைப் பற்றித்தான் பேசினார்கள்.

வெளியே ஒரு பார்வை

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கே கட்சிக்குள் மாநிலம் மாநிலமாகத் தேர்தல் வைக்கிறார்கள். 2008ல் ஜனநாயகக் கட்சியில் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஆளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜூன் வரை இழுத்தார்கள். அவ்வளவு கசப்புக்கு அப்புறம், ஆகஸ்ட்டில் டென்வர் மாநாட்டில் ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கலாம் என்று எழுந்து முன்மொழிந்தவர் ஹிலாரி. அடுத்த வருஷம் அவர் வெளியுறவு அமைச்சர். எண்ணிய ஓட்டு, தோற்றவரே எழுந்து நின்றது, அப்புறம் ஒரு நிஜமான வேலை. வரிசை கிட்டத்தட்ட 1954 வரிசைதான். இதை அந்த நாட்டுக்காரர்களுக்குப் பெரிய மனசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

விலை

1954ஐ நான் புனிதப்படுத்தவும் விரும்பவில்லை. அந்த ஒற்றுமைக்கு விலை இருந்தது. 1954க்கு அப்புறம் தமிழ்நாட்டுக் காங்கிரசில் முதல்வர் பதவிக்கு அப்படி ஒரு ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. 1963ல் பக்தவத்சலம் வந்தது ஏற்பாட்டில். கட்சிக்குள் சண்டை இல்லாததை எல்லோரும் பலம் என்று நினைத்தார்கள். 1965ல் மொழிப் போராட்டம் வெடித்தபோது டெல்லியில் சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, அப்புறம் திரும்பப் பெற்றார்கள். இங்கே தங்கள் முதல்வரைத் தட்டிக் கேட்கிற கோஷ்டி எதுவும் கட்சிக்குள் மிச்சம் இல்லை. 1954ல் ராஜாஜியை இறக்கிய அதே கட்சியால் 1965ல் பக்தவத்சலத்தை ஒரு இன்ச் நகர்த்த முடியவில்லை. இரண்டு வருஷத்தில் ஆட்சியே போனது. போட்டி இல்லாமல் வந்த ஒற்றுமை சோம்பலாகிவிடும் என்பதற்கு இதுவும் சான்றுதான்.

கடைசியில் அந்த இரண்டு பேரும் பிரிந்தார்கள். 1969 அக்டோபர் கடைசியில் நிஜலிங்கப்பா சி.எஸ்.ஸைக் காரியக் கமிட்டியில் இருந்து நீக்கினார். பிளவுக்குப் பிறகு இந்திரா காங்கிரசின் இடைக்காலத் தலைவராக இருந்தவர் சி.எஸ். காமராஜர் பழைய காங்கிரசில். 1971 தேர்தலில் காமராஜரும் ராஜாஜியும் ஒரே கூட்டணி. எதிர்ப்பக்கம் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும். 1954ல் யார் யாருக்கு எதிராக நின்றார்களோ அது அப்படியே திரும்பிவிட்டது. 15 வருஷம் தாங்கிய ஒற்றுமை அது. அரசியலில் 15 வருஷம் நீண்ட காலம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடமும் வாய்க்காலும் வந்துவிட்டன. ஒற்றுமை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வேலை முடிகிறவரை இருந்தால் போதும்.

ஆகவே, அடுத்த தடவை யாராவது "காமராஜர் மாதிரி பெரிய மனசு வேணும்" என்று ஆரம்பித்தால், மனசை விட்டுவிட்டு வேறு மூன்றைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டு எண்ணினார்களா? தோற்றவர் கையில் கொடுத்த வேலை நிஜமானதா, யாரும் லேசில் பிடுங்க முடியாததா? தோற்றவரின் பழைய தலைவர் நாளைக்கு வெளியே போனால் இவர் பின்னாலேயே போவாரா, இருப்பாரா? மூன்றாவதற்குப் பதில் உடனே தெரியாது. சி.எஸ். விஷயத்தில் அது தெரிய ஐந்து வருஷம் ஆனது. முதல் இரண்டையாவது கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.